தென்காசி கோபுரமா, எல்.ஐ.சி. கட்டடமா: எது பழசு?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் வெட்டியிருக்கோம்.)

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் இருக்கு. தென்காசியில் காசி விஸ்வநாதர் கோவில் ராஜகோபுரம் இருக்கு. இரண்டில் எது பழைய கட்டடம்?

இதை ஆபீஸில் எங்க டீமில் கேட்டேன். "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும், "நீ கேக்குறேன்னா இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று சொல்லி நழுவிட்டார். மற்ற எல்லாரும் கோபுரம் என்றுதான் சொன்னார்கள்.

எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது 1959 ஆகஸ்ட் 23. நாம் இன்று தென்காசியில் அண்ணாந்து பார்க்கிற ஒன்பது நிலைக் கோபுரம் முடிந்தது 1990. எல்.ஐ.சி. முப்பத்தோரு வருஷம் மூத்தது. இந்தக் கோபுரம், ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'ரோஜா' வருவதற்கு இரண்டே வருஷம் முன்னால் முடிந்த கட்டடம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. எல்.ஐ.சி. உயரம் 177 அடி. தென்காசி கோபுரம் ஏறத்தாழ 180 அடி. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தோளோடு தோள் நிற்கும். ஒன்றைப் பார்த்தால் 'நவீனம்' என்கிறோம், இன்னொன்றைப் பார்த்தால் 'ஆயிரம் வருஷத்துப் பாரம்பரியம்' என்கிறோம். இந்த எபிசோடில் அந்தக் கோபுரத்தை அதன் உண்மையான வயசோட பார்க்கப் போறோம்.

பஜாருக்கு நடுவில்

தென்காசி போகாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி. மேற்கே திரும்பினால் மலை. மலையிலிருந்து குற்றாலத்தில் அருவியாக விழுகிற சிற்றாறுதான் ஊரை ஒட்டி ஓடுது. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய், அதைத் தாண்டினால் கேரளா. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது.

கேரளாவுக்குப் போகிற வழியில் இருக்கிறதால இது எப்பவுமே வியாபார ஊர். கோவிலுக்கு முன்னால் சுவாமி சன்னதி பஜார். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, நகைக் கடை, செல்போன் கடை, ஏத்தங்காய் சிப்ஸ் கடை. சீசன் நேரத்தில் கூடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும். நீங்கள் மிளகாய் வற்றல் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்கினால் கோபுரம். பரோட்டா சாப்பிட பிரானூர் பார்டருக்குப் போகிறவங்ககூட வழியில் அதைப் பார்க்காமல் போக முடியாது.

கோபுர வாசலுக்குள் நுழைந்தால் முதலில் முகத்தில் அடிப்பது காற்று. ஜூன், ஜூலையில் போனால் வேட்டியை இரண்டு கையாலும் பிடிச்சுக்கணும். உள்ளே போகும்போது எதிரே வந்து தடுக்கும், கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து தள்ளும் என்று ஊரில் சொல்வாங்க. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் புகுந்து வருகிற பாதையில்தான் ஊர் இருக்கு. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருவதும் அதே காற்றுதான். அந்தப் பாதையில் ஒரு பெரிய சுவரை எழுப்பி, நடுவில் ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தால், காற்று அந்த வாசல் வழியாக நெருக்கியடித்து வரத்தானே செய்யும்.

மதுரையை இழந்த பாண்டியர்கள்

இப்போ 1446-க்குப் போவோம். அந்த வருஷம்தான் பராக்கிரம பாண்டியன் இந்தக் கோவிலைக் கட்ட ஆரம்பித்தார்.

பாண்டியர் என்றதும் நமக்கு மதுரைதான் ஞாபகம் வரும். ஆனால் இந்தப் பாண்டியர் கையில் மதுரை இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் மதுரை முதலில் சுல்தான்கள் கைக்குப் போச்சு, அப்புறம் விஜயநகரத்தின் கைக்கு. பாண்டியர்கள் தெற்கே நகர்ந்து, தாமிரபரணி, சிற்றாற்றுப் பக்கத்தில் ஒரு சின்ன ராஜ்ஜியத்தை வைத்துக்கொண்டார்கள். வரலாற்றில் இவங்களுக்குத் 'தென்காசிப் பாண்டியர்' என்றே பேர். 'நறுந்தொகை' எழுதின அதிவீரராம பாண்டியர் இந்த வரிசையில் பின்னால் வந்தவர்.

தலைநகரை இழந்த ஒரு வம்சம், புது இடத்தில் ஒரு பெரிய கோவில் கட்டுது. அதற்கு வைக்கிற பேர், நாட்டிலேயே பெரிய தலத்தின் பேர். காசிக்குக் கிளம்பி வழியிலேயே உயிரை விடுகிறவர்களுக்காகச் சிவன் ராஜாவின் கனவில் வந்து சொன்னார், எறும்புச் சாரை போகிற வழியில் போனால் செண்பக வனத்தில் லிங்கம் கிடைக்கும் என்றார். இது தலபுராணக் கதை. கதைக்குள் இருக்கிற நடைமுறையையும் கவனிங்க. அன்றைக்கு இங்கேயிருந்து காசி போவது பல மாதப் பயணம். பெரும்பாலானவங்களால் போக முடியாது. அவங்க நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு காசி கிடைச்சிருச்சு.

இன்னொரு விஷயம். வாரணாசியில் இன்று நாம் கும்பிடுகிற விஸ்வநாதர் கோவில், இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர் 1780-இல் கட்டியது. அதற்கு முன்னால் அங்கே கோவில் இடிவதும் எழுவதுமாகவே இருந்தது. கட்டடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், தெற்கே இருக்கிற 'நகல்' வடக்கே இருக்கிற 'ஒரிஜினலை'விட முந்நூறு வருஷத்துக்கு மேல் பழசு. தென்காசிக் கோவிலின் உள்ளே பழசு, வாசல் புதுசு. வாரணாசியில் தலம் பழசு, கட்டடம் பிந்தியது. ஒரு கோவிலுக்கு ஒரே ஒரு வயசு என்று எழுதினால் எவ்வளவு தகவல் காணாமல் போகுது பாருங்க.

கோபுர வேலையை 1457-இல் தொடங்கினார் பராக்கிரம பாண்டியன். 1463-இல் இறந்துட்டார். மிச்ச வேலையை முடித்தது அவர் தம்பி குலசேகர பாண்டியன். முதல் கோபுரமே ஒருத்தர் ஆரம்பித்து இன்னொருத்தர் முடித்த வேலைதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

ராஜா எழுதி வைத்த கமெண்ட்

இந்தக் கோவிலில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு கல்வெட்டு. கல்வெட்டு என்றால் பொதுவாக எவ்வளவு நிலம் கொடுத்தாங்க, எத்தனை விளக்கு, எத்தனை ஆடு என்கிற கணக்கு இருக்கும். கடைசியில், இதற்குக் கெடுதல் செய்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு மிரட்டல் வரும்.

பராக்கிரம பாண்டியன் பேரில் இருக்கிற கல்வெட்டுப் பாட்டு வேற மாதிரி. அதன் கருத்தை என் வார்த்தையில் சொல்றேன். இந்தக் கோவிலுக்கு வரக்கூடாத ஒரு கேடு வரலாம். அப்படி வந்தால், அப்போது யாராக இருந்தாலும் சரி, முன்வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்களை உலகம் அறிய நான் இப்போதே வணங்குகிறேன். அவ்வளவுதான். சாபம் இல்லை. எந்தக் குலம், எந்த வம்சம் என்கிற நிபந்தனையும் இல்லை.

நான் பார்க்கிற வேலையில் பாதி, வேற யாரோ எழுதிவிட்டுப் போன கோடை ரிப்பேர் பண்றது. பழைய ஃபைல்களைத் திறந்தால் கமெண்ட்டில் 'இதைத் தொடாதே' என்று இருக்கும், 'ஏன் ஓடுதுன்னு தெரியல, ஆனா ஓடுது' என்று இருக்கும். 'இது ஒருநாள் உடையும், அன்றைக்கு உட்கார்ந்து சரிசெய்யப் போகிறவருக்கு என் வணக்கம்' என்று ஒரு கமெண்ட்டைக்கூட நான் பார்த்ததில்லை. ஐந்நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா அதை எழுதியிருக்கார். தன் கட்டடம் உடையும் என்று கட்டும்போதே ஒத்துக்கொள்கிற துணிச்சல் ராஜாக்களுக்கு அவ்வளவு சுலபமாக வராது. இவர் தாத்தா, கொள்ளுத்தாத்தா ஆண்ட மதுரை கைவிட்டுப் போனதைப் பார்த்த வம்சத்துக்காரர். நிரந்தரம் என்கிற வார்த்தையில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்திருக்காது என்று எனக்குத் தோணுது.

மொட்டைக் கோபுரம்

அவர் சொன்ன கேடு வந்தது. கோபுரத்தின் மேல் நிலைகள் சிதைந்து விழுந்தன. இடி விழுந்தது என்று சிலர் சொல்வாங்க, தீப்பிடித்தது என்று சிலர் சொல்வாங்க. இரண்டும் ஒரே கதையாகவும் இருக்கலாம்.

எப்படி என்று சொல்றேன். கோபுரம் முழுக்கக் கல் என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. கீழ்ப் பகுதி மட்டும்தான் கல். அதற்கு மேல் செங்கல், சுண்ணாம்பு. வெளியே தெரிகிற பொம்மைகள் எல்லாம் சுதை வேலை. மேலே போகப் போக எடை குறையணும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உள்ளே நிலைக்கு நிலை கூடு மாதிரி வெற்றிடம் இருக்கும். அந்தத் தளங்களைத் தாங்கவும், வாசல்களுக்கு மேலே பாரத்தை ஏந்தவும் பழைய கோபுரங்களில் மர உத்திரங்கள் போடுவாங்க. ஊரிலேயே உயரமான கட்டடம், உச்சியில் உலோகக் கலசம், உள்ளே நூற்றுக்கணக்கான வருஷம் காய்ந்த மரம். இடி விழுந்து மரம் பற்றினால், அதன்மேல் உட்கார்ந்திருக்கிற செங்கல் நிற்காது.

வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டே இருக்கும். கலசத்துக்குள் வரகு வச்சதால அது இடிதாங்கியாக வேலை செய்யும், நம்ம முன்னோர் விஞ்ஞானிகள், என்று. இடிதாங்கியின் வேலை மின்னலைப் பிடிக்கிறது மட்டும் இல்லை. பிடித்த மின்சாரம் தடையில்லாமல் பூமிக்குள் போக உச்சியிலிருந்து மண் வரைக்கும் ஒரு கனமான உலோகப் பாதை வேணும். செங்கல்லும் சுண்ணாம்பும் அந்தப் பாதை ஆகாது. கலசத்தில் தானியம் வைக்கிறதுக்கு நம்பிக்கை சார்ந்த காரணங்கள் இருக்கு, அது தனி. இடிதாங்கிக்கு வேண்டிய அந்த உலோகப் பாதையை நாமதான் தனியாகப் போட்டுக்கணும்.

அப்புறம் பல தலைமுறைக்கு அது மொட்டைக் கோபுரம். பாரதியார் 1918-லிருந்து 1920 வரைக்கும் பக்கத்து ஊர் கடையத்தில் இருந்தார். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியிருந்தார். அவரைப் பார்க்க ராஜாஜியும் கல்கியும் வந்து போவார்கள். இவங்களில் யாரும் முழுக் கோபுரத்தைப் பார்த்ததில்லை. டி.கே.சி.யும் கல்கியும் 1954-இல் காலமானார்கள், ராஜாஜி 1972-இல். இன்றைக்குப் பைக்கில் குற்றாலம் போய், வழியில் கோபுரத்தோட செல்ஃபி எடுக்கிற கல்லூரிப் பையனுக்குக் கிடைக்கிற காட்சி அவங்களுக்குக் கிடைக்கவில்லை.

என் அம்மாவின் அம்மா, எங்க ஆச்சி, தென்காசிக்காரங்க. பஸ்ஸில் வரும்போது போன் பண்ணினால், "புதுக் கோபுரம் தெரிஞ்சதும் எந்திரிச்சு நில்லு" என்பாங்க. சின்ன வயசில் ஒருநாள், "அதென்ன ஆச்சி புதுக் கோபுரம், இன்னொரு கோபுரம் இருக்கா?" என்று கேட்டேன். "ஏலே, நாங்க பாத்ததெல்லாம் மொட்டைக் கோபுரம்லா. மேல அரசஞ்செடி மொளச்சு நிக்கும், வவ்வால் கெடக்கும். சாயங்காலத்துக்கு மேல அந்தப் பக்கம் வெளையாட விடமாட்டாவ. இது இப்பம் கெட்டுனதுதான" என்றாங்க. அவங்க இன்னைக்கும் அதைப் புதுக் கோபுரம் என்றுதான் சொல்றாங்க. எங்க வீட்டில் வரலாற்று ரீதியாகச் சரியாகப் பேசுகிற ஒரே ஆள் ஆச்சிதான்.

மவுண்ட் ரோட்டில் அதே கதை

இப்போ எல்.ஐ.சி.க்கு வருவோம். இரண்டு கட்டடத்துக்கும் உயரம் மட்டுமா ஒத்துப்போகுது?

1953-இல் அதைத் தொடங்கியவர் எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவர். சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பேர் கொடுத்த எம்.ஏ.சிதம்பரம் வேற ஆள், குழப்பிக்காதீங்க. தன்னுடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக இதைத் திட்டமிட்டார். 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துட்டார். 1956-இல் மத்திய அரசு ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமையாக்கி எல்.ஐ.சி.யை உருவாக்கியது. பாதியில் நின்ற கட்டடமும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. லண்டன்காரர்கள் தொடங்கிய வடிவமைப்பு வேலையைச் சென்னைக் கட்டடக் கலைஞர் எல்.எம்.சித்தாலே எடுத்து முடித்தார். திறந்து வைத்தது அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். 14 மாடி. அன்றைக்கு நாட்டின் உயரமான கட்டடங்களில் முதல் வரிசை. ஊரிலிருந்து சென்னைக்கு வந்தவங்க அண்ணாந்து பார்த்து மாடியை எண்ணினாங்க. கதாநாயகன் கிராமத்திலிருந்து பட்டணம் வந்துட்டான் என்று காட்ட, சினிமாக்காரர்களுக்கு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்து இந்த ஒரு ஷாட் போதும்.

1975-இல் அங்கே பெரிய தீ. கட்டடம் விழவில்லை. கான்கிரீட் தூண்கள் நின்றன. சரிசெய்து மறுபடி உள்ளே போனாங்க.

ஆரம்பித்தவர் முடிவதற்குள் இறந்தார், வேற கை முடித்தது, தீ வந்தது, யாரோ சரிசெய்தார்கள். தென்காசியில் ஐந்நூறு வருஷத்தில் நடந்தது, மவுண்ட் ரோட்டில் இருபத்திரண்டு வருஷத்துக்குள் நடந்து முடிஞ்சிருச்சு.

ஏன் எண்பதுகளில்?

சரி, அவ்வளவு காலம் மொட்டையாக நின்ற கோபுரத்தை ஏன் 1980-களில் கட்டினாங்க? தென்காசி மட்டும் இல்லை. ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம், 13 நிலை, 236 அடி, அதுவும் 1987-இல் முடிந்ததுதான். விஜயநகர அச்சுத தேவராயர் காலத்தோடு நின்றுபோன வேலை. நானூறு வருஷத்துக்கு மேல் மொட்டையாக இருந்ததை அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் முன்நின்று முடித்தார். அதில் ஒரு நிலைக்கான செலவு இளையராஜா கொடுத்தது. மூன்று வருஷம் கழித்துத் தென்காசி.

ராஜா இல்லாத காலத்தில் ராஜகோபுரம் கட்ட என்ன வேணும்? முதலில் பணம். அது ஒரு கஜானாவிலிருந்து வர முடியாது, ஆயிரக்கணக்கான பேரிடமிருந்து வரணும். அவ்வளவு பேருக்கும் செய்தி போய்ச் சேரணும். தென்காசித் திருப்பணியை முன்நின்று நடத்தியவர் பா.சிவந்தி ஆதித்தன், 'தினத்தந்தி' அதிபர். டீக்கடை டீக்கடையாகப் போகிற ஒரு பத்திரிகையின் அதிபர். பராக்கிரம பாண்டியனுக்கு இருந்தது படையும் வரியும். இவருக்கு இருந்தது அச்சு இயந்திரமும் ஏஜென்டுகளும். அரசர், அப்புறம் ஜமீன், அப்புறம் பத்திரிகை அதிபரும் பொதுமக்களும். ஒரு ஊரில் பெரிய காரியத்தை யாரால் முடிக்க முடியும் என்பது எப்படி மாறி வந்திருக்கு என்று இந்தக் கோபுரத்தைப் பார்த்தே சொல்லலாம்.

அப்போ இது டூப்ளிகேட்டா?

கட்டடக்கலை படித்த ஒரு நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர், "அப்போ அது ரெப்ளிகாதானே? மொட்டைக் கோபுரத்தை அப்படியே பாதுகாத்திருக்கணும். அதுதான் உண்மையான வரலாறு" என்றார். இது லேசாகத் தள்ளக்கூடிய வாதம் இல்லை. சிதைவும் ஒரு ஆவணம். அதை மூடிட்டால், நடந்தது மறந்துபோகும். என் டீமுக்குக் கோபுரத்தின் வயசு தெரியாமல் போனதே அதற்குச் சாட்சி.

ஆனால் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தைப் பாருங்க. 2019 ஏப்ரல் 15-இல் அதன் ஊசிக் கோபுரம் எரிந்து விழுந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது. இடைக்காலத்துப் பொக்கிஷம் போச்சே என்று அழுதாங்க. விழுந்த அந்த ஊசிக் கோபுரம் 1859-இல் வைத்தது. பழையது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கழற்றப்பட்டுவிட்டது. எரிந்த பிறகு, கண்ணாடியில் கட்டலாமா, புது டிசைன் போடலாமா என்று பெரிய சண்டை நடந்தது. கடைசியில் இருந்த மாதிரியே கட்டி 2024 டிசம்பரில் திறந்தாங்க. அதை யாரும் டூப்ளிகேட் என்று சொல்வதில்லை. ஜப்பானில் இஸே ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகப் புதுசாகக் கட்டுறாங்க. அங்கே பழசு என்பது மரத்தில் இல்லை, கட்டத் தெரிந்த கையில் இருக்கு.

நம்ம ஊர் வழக்கமும் அந்தப் பக்கம்தான் சாயும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்பது ஒரு மெயின்டெனன்ஸ் ஷெட்யூல். தென்காசியிலும் 2025 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காளஹஸ்தி உதாரணம். கிருஷ்ண தேவராயர் 1516-இல் கட்டிய ராஜகோபுரம், விரிசல் பெரிதாகிப் பெரிதாகி, 2010 மே 26-இல் மொத்தமாகச் சரிந்தது. மறுபடி புதுசாகத்தான் கட்ட வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. திருப்பணி என்கிற பேரில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டை மழுங்கவிட்ட கோவில்கள் இருக்கு. பழைய சுவரோவியத்தின் மேல் வெள்ளையடித்த கோவில்கள் இருக்கு. மண்டபத்துக் கல்தரை மேல் டைல்ஸ் ஒட்டினவங்களும் இருக்காங்க. இவங்க எல்லாருமே 'சரிசெய்கிறேன்' என்று சொல்லித்தான் செய்தார்கள். அதனால் பராக்கிரம பாண்டியன் வணக்கம் சொன்னது சரிசெய்து 'காப்பாற்றுகிறவர்களுக்கு' என்பதைக் கவனமாகப் படிக்கணும். இல்லாமல் போன மேல் நிலைகளைக் கட்டியது ஒரு வகை. இருக்கிறதை அழித்துப் புதுசாக்குவது வேற வகை. என் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். தென்காசிக் கோபுரம் முதல் வகை. அதில் எனக்குக் குறை இல்லை. 1990 என்கிற வருஷத்தை நாம் சொல்லாமல் விடுகிறோம் பாருங்க, என் குறை அதுதான்.

போனால் எதைப் பார்க்கணும்

கோபுரத்தைத் தூரத்திலிருந்தே பாருங்க, பஜாரின் கிழக்குக் கோடியிலிருந்து. அப்புறம் கிட்ட போய், கல் முடிந்து சுதை ஆரம்பிக்கிற இடத்தைத் தேடுங்க. உள்ளே திருவோலக்க மண்டபத்தில் நின்று அகோர வீரபத்திரர், ரதி, மன்மதன் சிலைகளைப் பாருங்க. ஒரே கல்லில், விரல் நகம் வரைக்கும் செதுக்கியிருப்பாங்க. அது பாண்டியர் காலத்துக் கை. தலைக்கு மேலே இருக்கிற கோபுரம் நம்ம அப்பா அம்மா காலத்துக் கை. இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு வருஷம். நீங்கள் அதை இருபது நிமிஷத்தில் நடந்து கடந்துருவீங்க.

அப்படியே குற்றாலம் போனால், அருவியில் குளித்துட்டு நேராகப் பரோட்டாவுக்கு ஓடாமல் சித்திர சபைக்குள் ஒரு எட்டு போயிட்டு வாங்க. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. சுவர் முழுக்க ஓவியம். சாரலும் ஈரமும் நிறைந்த ஊரில் சுவரோவியத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே நின்றால் புரியும்.

சென்னையில் இருக்கிறவங்க, அடுத்த தடவை மெட்ரோவில் போகும்போது எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிஷம் நில்லுங்க. சுற்றிலும் அதைவிட உயரமான கட்டடங்கள் வந்துருச்சு. 1959-இல் தமிழ்நாட்டில் ஒருத்தர் கான்கிரீட்டை நம்பி 177 அடி ஏறியிருக்கார். அதுவும் நம்ம பாரம்பரியம்தான். நூறு வருஷம் ஆனால்தான் அப்படிச் சொல்லணும் என்று சட்டம் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. 1990-இல் அந்தக் கோபுரத்தில் சாரம் கட்டின, சுதை பூசின, செங்கல் சுமந்த ஆட்களில் அன்றைக்கு இருபத்தைந்து வயசாக இருந்தவங்களுக்கு இப்போ அறுபது தாண்டியிருக்கும். 1457-இல் கல் சுமந்தவங்களிடம் நம்மால் எதையும் கேட்க முடியாது. இவங்களிடம் கேட்க முடியும். 180 அடி உயரத்தில், அந்தக் கணவாய்க் காற்றில் நின்று வேலை செய்வது எப்படி இருந்தது? சம்பளம் எவ்வளவு? கடைசிக் கலசம் ஏறிய அன்றைக்குப் பஜாரில் என்ன நடந்தது? உங்க வீட்டில், தெருவில், தென்காசி, செங்கோட்டை, கடையம், ஆலங்குளம் பக்கம் அப்படி யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசி, போனில் பதிவு பண்ணுங்க. பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, பின்னணியில் மொட்டைக் கோபுரம் நிற்கிற போட்டோ இருக்கான்னு பாருங்க. இருந்தால் ஸ்கேன் பண்ணி, பின்னால் வருஷத்தையும் ஊரையும் எழுதி வைங்க.

அடுத்த எபிசோடில் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை. 1904-இல் மலையைக் குடைந்து போட்டது. அதுவரைக்கும் சந்தோஷமா இருங்க, மக்களே.